வினையூக்கிகளில் அணு வெற்றிடக் குறைபாடுகள்: கருத்தும் வரலாறும்

அணு வெற்றிடக் குறைபாடு என்பது ஒரு படிகத்தில் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் குறிக்கும். இது புள்ளிக் குறைபாடுகளில் மிக எளியது. மேல்நிலை வகுப்பு வேதியியல் பாடத்தில் ஷாட்கி குறைபாடு, பிரெங்கல் குறைபாடு என்ற பெயர்களில் மாணவர்கள் இதைச் சந்திக்கிறார்கள். பெயரில் 'குறைபாடு' என்று இருந்தாலும், வினையூக்கிகளைப் பொறுத்தவரை பல நேரங்களில் இந்தக் காலி இடமே வேதிவினை நடக்கும் இடமாக அமைகிறது. வாகனப் புகையைத் தூய்மையாக்கும் சீரியம் ஆக்சைடு, டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் மாலிப்டினம் சல்பைடு, சூரிய ஒளியால் வேலை செய்யும் டைட்டானியம் டைஆக்சைடு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரு குறை எவ்வாறு பயனுள்ள பண்பாக அறியப்பட்டது என்பதையும், அதற்குக் காட்டப்படும் சான்றுகளில் எவை உறுதியானவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வெற்றிடம் எவ்வாறு வேலை செய்கிறது

படிகத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களுடன் பிணைந்து நிறைவாக இருக்கிறது. புதிதாக வரும் மூலக்கூறைப் பற்றிக்கொள்ள அதற்குத் தேவையும் இல்லை, இடமும் இல்லை. ஓர் அணு நீங்கினால் இந்த நிலை மாறுகிறது. அதைச் சுற்றியிருந்த அணுக்களின் பிணைப்புகள் நிறைவு பெறாமல் நிற்கின்றன. அவை அருகில் வரும் மூலக்கூறைப் பற்றி இழுக்கின்றன.

ஆக்சைடுகளில் இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. ஆக்சிஜன் படிகத்தில் இரண்டு எதிர்மின் சுமை கொண்ட அயனியாக இருக்கிறது. அது நடுநிலை அணுவாக வெளியேறும்போது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அருகிலுள்ள உலோக அயனிகள் அந்த எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கம் அடைகின்றன. சீரியம் ஆக்சைடில் ஓர் ஆக்சிஜன் நீங்கினால், நான்கு நேர்மின் சுமை கொண்ட இரு சீரியம் அயனிகள் மூன்று நேர்மின் சுமைக்கு மாறுகின்றன. எனவே ஆக்சைடில் உள்ள வெற்றிடம் வெறும் காலி இடம் அன்று. பிறருக்குக் கொடுக்கக் கூடிய எலக்ட்ரான்களும் அதை ஒட்டி இருக்கின்றன.

ஆக, வெற்றிடத்தால் மூன்று பயன்கள் உண்டு. ஒன்று, மூலக்கூறு வந்து அமர இடம் கிடைக்கிறது. இரண்டு, மூலக்கூறின் பிணைப்பைத் தளர்த்தத் தேவையான எலக்ட்ரான்கள் கிடைக்கின்றன. மூன்று, படிகத்தினுள் அணுக்கள் நகர வழி பிறக்கிறது. நிரம்பிய பேருந்தில் யாரும் இடம் மாற முடியாது. ஓர் இருக்கை காலியானால் பக்கத்தில் இருப்பவர் அதில் நகர்ந்து அமரலாம். அவர் விட்ட இருக்கைக்கு அடுத்தவர் வரலாம். அணுக்கள் முன்னே நகர, காலி இடம் பின்னே நகர்கிறது.

செயல்மையம் என்ற எண்ணம்

வினையூக்கம் (பழைய பாடநூல்களில் வினைவேக மாற்றம்) என்ற கருத்துக்கு 1835-இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். அதற்கு முன்பே, 1823-இல், ஜெர்மனியின் யெனா நகரில் டோபரைனர் பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது காற்றில் தானே தீப்பற்றுவதைக் காட்டியிருந்தார். உலோகம் செலவாகாமலேயே வினை நடப்பது அனைவரையும் வியக்க வைத்தது. ஆனால் உலோகப் பரப்பின் எந்தப் பகுதி இந்த வேலையைச் செய்கிறது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகள் விடை இல்லை. பரப்பு முழுவதும் ஒரே தன்மையுடையது என்றே கருதப்பட்டது.

இந்த எண்ணத்தை மாற்றியவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹியூ ஸ்டாட் டெய்லர். வினையூக்கியாகப் பயன்படும் செப்பைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கினால், வாயுக்களைப் பிடித்துவைக்கும் திறன் ஓரளவே குறைந்தாலும் வினையூக்கும் திறன் மிக அதிகமாகக் குறைந்தது. பரப்பு முழுவதையும் மூடப் போதாத சிறிதளவு நச்சுப் பொருளும் வினையை நிறுத்திவிட்டது. பரப்பு முழுவதும் ஒரே சீராக வேலை செய்திருந்தால் இப்படி நடக்க முடியாது.

1925-இல் வெளியிட்ட கட்டுரையில் டெய்லர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பரப்பில் உள்ள அணுக்களில் ஒரு சிறு பகுதியே வினையில் ஈடுபடுகிறது. சுற்றியுள்ள அணுக்களுடன் முழுமையாகப் பிணையாமல் துருத்தி நிற்கும் அணுக்களே அவை என்றார் அவர். இவ்விடங்கள் 'செயல்மையங்கள்' எனப்பட்டன. வெற்றிடம் என்ற சொல்லை அவர் மையப்படுத்தவில்லை. ஆயினும் ஒழுங்கற்ற இடமே வேலை செய்கிறது என்ற பிற்கால ஆய்வுகளின் அடிப்படை அங்கே தோன்றியது.

படிகத்தில் காலி இடங்கள்: பிரெங்கல், வாக்னர், ஷாட்கி

அதே பத்தாண்டில் இயற்பியலாளர்கள் வேறொரு கேள்வியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். திண்மமான உப்புப் படிகத்தின் வழியே அயனிகள் எவ்வாறு நகர்கின்றன? எல்லா இடமும் நிரம்பியிருந்தால் நகர்வு கூடாது. 1926-இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கல், வெப்பத்தால் ஓர் அயனி தன் இடத்தை விட்டு இடைவெளி ஒன்றில் போய் அமரலாம் என்றும், அது விட்டுச் சென்ற இடம் காலியாகும் என்றும் விளக்கினார். 1930-இல் ஜெர்மானியர்களான கார்ல் வாக்னரும் வால்டர் ஷாட்கியும் குறைபாடுகளுக்கு முறையான வெப்ப இயக்கவியல் கோட்பாட்டை வகுத்தனர்.

இக்கோட்பாட்டின் முடிவு முக்கியமானது. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலுள்ள எந்தப் படிகத்திலும் வெற்றிடங்கள் இருந்தே தீரும். ஓர் அணுவை நீக்க ஆற்றல் தேவை என்பது உண்மை. ஆனால் காலி இடங்களைப் பல வகைகளில் பரப்பி வைக்க முடிவதால் ஒழுங்கின்மை (என்ட்ரோபி) கூடுகிறது. இந்த இரண்டும் சமப்படும் அளவுக்கு வெற்றிடங்கள் இயற்கையாகவே உருவாகின்றன. செப்பு உருகும் வெப்பநிலையை நெருங்கும்போது, அதில் ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களுக்கு ஓரிரு இடங்கள் காலியாக இருக்கும். எனவே வெற்றிடத்தை உற்பத்திப் பிழையாக மட்டும் கருத முடியாது. அது படிகத்தின் இயல்புகளில் ஒன்று.

கிர்கெண்டால் சோதனை

உலோகங்களில் அணுக்கள் நகர்வதற்கு வெற்றிடங்களே காரணம் என்பதை உலகம் உடனே ஏற்கவில்லை. அருகருகே உள்ள இரண்டு அணுக்கள் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்கின்றன என்றே பலரும் நம்பினர். அமெரிக்க உலோகவியலாளர் எர்னஸ்ட் கிர்கெண்டால் இதைச் சோதித்தார். பித்தளைத் துண்டின் மீது மெல்லிய மாலிப்டினம் கம்பிகளை அடையாளமாக வைத்து, அதன்மேல் செப்பைப் படியச் செய்து, 785 பாகை செல்சியசில் பல நாட்கள் சூடாக்கினார். இரு பக்கமும் அணுக்கள் சமமாக இடம் மாறியிருந்தால் கம்பிகள் அசைந்திருக்கக் கூடாது. ஆனால் அவை ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருந்தன. பித்தளையிலுள்ள துத்தநாகம் வெளியேறிய வேகம், செப்பு உள்ளே வந்த வேகத்தை விட அதிகம் என்பதே இதன் பொருள். அணுக்கள் வெற்றிடங்களின் வழியே நகர்கின்றன என்றால்தான் இதை விளக்க முடியும்.

முடிவுகள் 1947-இல் வெளியாயின. அக்காலத்தின் செல்வாக்கு மிக்க உலோகவியலாளரான ராபர்ட் மெல் தொடக்கத்தில் இதை நம்பவில்லை. பின்னர் அவருடைய ஆய்வகமே சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தியது. கிர்கெண்டால் விளைவு நானோ அறிவியலிலும் பயன்பட்டது. 2004-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் கோபால்ட் நானோ துகள்களைக் கந்தகத்துடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரியச் செய்தபோது, உலோகம் வேகமாக வெளியே நகர, வெற்றிடங்கள் உள்ளே ஒன்றுசேர்ந்து உள்ளீடற்ற துகள்கள் உருவாயின.

மார்ஸ் – வான் கிரெவலன் வழிமுறை

வெற்றிடத்தையும் வினையூக்கத்தையும் நேரடியாக இணைத்த ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. பீட்டர் மார்ஸ், டிர்க் வில்லெம் வான் கிரெவலன் ஆகியோர் வனேடியம் ஆக்சைடு மீது பென்சீன், டொலுயீன், நாப்தலீன் போன்ற சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகத்தை அளந்து, 1954-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் பரப்பில் ஒட்டிக்கொண்டு, அங்கே வரும் மூலக்கூறுடன் வினைபுரிகிறது என்பதே வழக்கமான எண்ணம். அளவீடுகள் வேறொன்றைக் காட்டின. மூலக்கூறு முதலில் ஆக்சைடு படிகத்தில் உள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. அதனால் படிகத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. படிகம் முதலில் கடன் கொடுக்கிறது. காற்று அந்தக் கடனைத் திருப்பி அடைக்கிறது. இச்சுழற்சி தொடரும் வரை வினையூக்கி செலவாவதில்லை.

ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பு இக்கருத்தைச் சோதிக்க உதவியது. இதுபோன்ற ஆக்சைடுகளின் மீது ஆக்சிஜன்-18 வாயுவைச் செலுத்தினால், முதலில் உருவாகும் விளைபொருளில் சாதாரண ஆக்சிஜன்-16 அதிகமாக இருக்கும். அது படிகத்திலிருந்து வந்தது என்பதற்கு அதுவே அடையாளம். நேரம் செல்லச் செல்லக் கனமான ஐசோடோப்பின் பங்கு கூடும். இவ்வகைச் சோதனை வெற்றிட ஆய்வில் இன்றும் வலுவான சான்றாகக் கருதப்படுகிறது.

சீரியம் ஆக்சைடும் வாகனப் புகையும்

வெற்றிடத்தின் பயன் மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டது வாகனப் புகை மாற்றியின் வழியாக. அமெரிக்காவில் 1970-இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் மும்முனை வினையூக்கி மாற்றிகள் கார்களில் பொருத்தப்பட்டன. இவை மூன்று நச்சுகளை ஒரே நேரத்தில் நீக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் தேவை. மூன்றாவதற்கு மிகுதியான ஆக்சிஜன் தடை. எனவே பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் எடையில் 1-க்கு 14.7 என்ற குறுகிய எல்லையில் நிற்க வேண்டும். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது இந்த விகிதம் அங்குமிங்கும் அலைகிறது.

இந்த அலைவைச் சமாளிக்க உதவியது சீரியம் ஆக்சைடு. புகையில் ஆக்சிஜன் மிகும்போது அது வெற்றிடங்களை நிரப்பிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறையும்போது தன் ஆக்சிஜனைக் கொடுத்துப் புதிய வெற்றிடங்களை உண்டாக்கிக்கொள்கிறது. போர்டு நிறுவன ஆய்வாளர்கள் 1970-களிலும் 1980-களிலும் இந்த 'ஆக்சிஜன் சேமிப்பு'த் திறனை விரிவாக ஆராய்ந்தனர். இந்தியாவில் பிறந்த ஹரேன் காந்தி அவர்களில் குறிப்பிடத்தக்கவர்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் சீரியம் ஆக்சைடு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, சேமிப்புத் திறனை இழந்தன. 1990-களில் சிர்கோனியம் சேர்த்த கலப்பு ஆக்சைடு பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. சிர்கோனியம் அயனி சீரியம் அயனியை விடச் சிறியது. அது அணிக்கோவையைச் சற்று உருக்குலைத்து, பரப்பிலிருந்து மட்டுமன்றி உள்ளிருந்தும் ஆக்சிஜன் எளிதில் வெளியேற வழிசெய்கிறது. வெப்பத்தையும் நன்கு தாங்குகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். எஸ். ஹெக்டே குழுவினர் சீரியத்தின் இடத்தில் பிளாட்டினம், பல்லேடியம் அயனிகளையே அமர்த்திப் பார்த்தனர். குறைந்த மின்சுமையுடைய அயனி அமரும்போது, மின்சுமையைச் சமன்செய்ய ஆக்சிஜன் வெற்றிடங்கள் தாமே உருவாகின்றன.

இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் வினையூக்கிக்கு நஞ்சு என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அதனுடன் வந்தது.

மாலிப்டினம் சல்பைடு: விளிம்பிலிருந்து தளத்திற்கு

கச்சா எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்தால் கந்தக டைஆக்சைடு உண்டாகும். அது காற்றைக் கெடுப்பதுடன் வாகன மாற்றியில் உள்ள உலோகங்களின் திறனையும் குறைக்கும். சுத்திகரிப்பு ஆலைகளில் கோபால்ட் சேர்த்த மாலிப்டினம் சல்பைடு மீது ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகம் நீக்கப்படுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிப்படி எரிபொருளில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. முந்தைய நிலை 4-இல் இது 50 பங்காக இருந்தது.

மாலிப்டினம் சல்பைடு அடுக்கடுக்கான பொருள். ஒவ்வோர் அடுக்கிலும் மாலிப்டினம் அணுக்களின் மேலும் கீழும் கந்தக அணுக்கள் உள்ளன. அடுக்கின் தட்டையான தளம் கந்தகத்தால் மூடப்பட்டு மந்தமாக இருக்கிறது. விளிம்பில் உள்ள கந்தக அணுவை ஹைட்ரஜன் எளிதில் ஹைட்ரஜன் சல்பைடாக நீக்குகிறது. அங்கே உண்டாகும் வெற்றிடத்தில், எண்ணெய் மூலக்கூறு தன் கந்தக அணுவை வைத்து அமர்கிறது. கார்பனுக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு உடைகிறது. எஞ்சிய கந்தகத்தை ஹைட்ரஜன் நீக்க, வெற்றிடம் மீண்டும் தோன்றுகிறது. மார்ஸ் – வான் கிரெவலன் சுழற்சியில் ஆக்சிஜன் செய்வதை இங்கே கந்தகம் செய்கிறது.

2000-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்கஸ் பல்கலைக்கழகத்தினர் வருடு ஊடுருவு நுண்ணோக்கியால் ஒற்றை அடுக்கு மாலிப்டினம் சல்பைடு நானோ துகள்களின் அணு அமைப்பைப் படம் பிடித்தனர். அவை முக்கோண வடிவில் இருந்தன. விளிம்பை ஒட்டிய பகுதி உலோகம் போன்ற மின்பண்பு பெற்றிருப்பதையும், வெற்றிடம் இல்லாமலேயே அங்கே சில வினைகள் தொடங்குவதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. எனவே இப்பொருளின் எல்லா வேலையையும் வெற்றிடத்தின் கணக்கில் எழுத முடியாது.

இதே பொருள் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கவும் பயன்படும் என்பது பின்னர் தெரிந்தது. இதற்குச் சிறந்த வினையூக்கி பிளாட்டினம். ஆனால் அது அரிதானது, விலை மிக்கது. 2007-இல் தாமஸ் ஜராமியோவும் உடன் ஆய்வாளர்களும் துகள்களின் பரப்பளவைப் பொறுத்து அல்லாமல் விளிம்பின் நீளத்தைப் பொறுத்தே ஹைட்ரஜன் உருவாகும் வேகம் கூடுகிறது எனக் காட்டினர். மந்தமான தளத்தை வேலை செய்ய வைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வியாயிற்று. 2016-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆர்கான் பிளாஸ்மாவால் தளத்திலிருந்து கந்தக அணுக்களை நீக்கி, அடுக்கைச் சற்று இழுத்த நிலையிலும் வைத்தது. இதனால் தளமும் ஹைட்ரஜனை உருவாக்கியது.

இதன் பின்னுள்ள விதி பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாடியேவின் பெயரால் அறியப்படுகிறது. மூலக்கூறு வினையூக்கியுடன் மிக மெல்லியதாக ஒட்டினால் வினை தொடங்காது; மிக வலுவாக ஒட்டினால் விளைபொருள் விட்டு விலகாது. குறையில்லாத தளத்தில் ஹைட்ரஜன் ஒட்டுவதே இல்லை. வெற்றிடம் அப்பிடிப்பை வலுவாக்குகிறது. வெற்றிடங்களின் எண்ணிக்கையையும் இழுவிசையையும் மாற்றி, அப்பிடிப்பை நடுத்தர அளவுக்குக் கொண்டுவரலாம்.

வெண்மையும் கருமையும்: டைட்டானியம் டைஆக்சைடு

1972-இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா ஆகியோர் டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையில் ஒளிபடச் செய்து நீரைப் பிரித்துக் காட்டினர். வெண்ணிறச் சாயத்தில் பயன்படும் மலிவான பொருள் இது. ஆனால் இது புற ஊதாக் கதிர்களை மட்டுமே உட்கவர்கிறது. பூமியை வந்தடையும் சூரிய ஆற்றலில் அக்கதிர்களின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான்.

2011-இல் சியாபோ சென், சாமுவேல் மாவோ ஆகியோரின் குழு இப்பொருளின் நானோ துகள்களை 20 பார் அழுத்த ஹைட்ரஜனில், ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் ஐந்து நாட்கள் வைத்தது. வெண்ணிறத் தூள் கருநிறமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உட்கவர்ந்தது. துகளின் வெளிப்புறத்தில் உண்டான ஒழுங்கற்ற அடுக்கே காரணம் என்று அவர்கள் விளக்கினர். பின்னர் வேறு முறைகளில் கருந்தூள் செய்தவர்கள் ஆக்சிஜன் வெற்றிடங்களையும் ஒடுக்கம் அடைந்த டைட்டானியம் அயனிகளையும் கண்டனர். எந்தத் தூளில் எது முதன்மைக் காரணம் என்பது நீண்ட விவாதமாயிற்று.

இங்கே ஒரு முரண்பாடும் வெளிப்பட்டது. பரப்பில் உள்ள வெற்றிடம் நீர் மூலக்கூறைப் பிரிக்க உதவுகிறது. துகளின் உள்ளே ஆழத்தில் உள்ள வெற்றிடம், ஒளியால் பிரிந்த எலக்ட்ரானும் அதன் துளையும் மீண்டும் சேர்ந்து வீணாகும் பொறியாகலாம். எனவே கருமை கூடுவதாலேயே வினையூக்கும் திறன் கூடிவிடுவதில்லை. வெற்றிடம் எங்கே இருக்கிறது என்பது அதன் எண்ணிக்கையைப் போலவே முக்கியம்.

நைட்ரஜன் வெற்றிடமும் தனியணு வினையூக்கியும்

வெற்றிடம் ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் மட்டும் உரியதன்று. அம்மோனியா தயாரிப்பில் மிகக் கடினமான படி, நைட்ரஜன் மூலக்கூறின் மும்மடிப் பிணைப்பை உடைப்பது. 2020-இல் ஜப்பானின் ஹிதேயோ ஹோசோனோ குழுவினர் நிக்கல் சேர்த்த லாந்தனம் நைட்ரைடைப் பயன்படுத்தி அம்மோனியா தயாரித்தனர். நிக்கலின் மீது பிரியும் ஹைட்ரஜன், நைட்ரைடில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக எடுத்துச் செல்கிறது. அதனால் தோன்றும் நைட்ரஜன் வெற்றிடம் காற்றிலிருந்து பெறப்படும் நைட்ரஜன் மூலக்கூறைப் பிடித்துப் பிணைப்பைத் தளர்த்துகிறது. தனியாக நைட்ரஜனை உடைக்கும் திறன் குறைந்த நிக்கல், வெற்றிடத்தின் துணையால் இவ்வினையில் பயன்பட்டது.

வெற்றிடத்தின் இன்னொரு பயன், விலையுயர்ந்த உலோகத்தின் ஓரணுவை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது. 2011-இல் சீனாவின் தாலியன் நகர ஆய்வாளர்கள் இரும்பு ஆக்சைடு மீது பிளாட்டினத்தைத் தனித்தனி அணுக்களாகப் பதித்தனர். இவ்வகையில் ஒவ்வொரு பிளாட்டினம் அணுவும் வேலைக்குக் கிடைக்கிறது. தனியணுக்கள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து உருண்டையாகிவிடாமல் தடுப்பதில் பரப்பிலுள்ள குறைபாடுகள் பங்காற்றுகின்றன.

நானோ அளவின் பங்கு

ஒரு பொருளை நானோ அளவுக்குக் குறைக்கும்போது பரப்பில் உள்ள அணுக்களின் விகிதம் பெருகுகிறது. ஏறத்தாழ 3 நானோமீட்டர் விட்டமுள்ள உலோகத் துகளில் ஐந்தில் இரண்டு பங்கு அணுக்கள் பரப்பில் இருக்கும். மூலைகளிலும் விளிம்புகளிலும் உள்ள அணுக்களுக்குப் பிணைப்புகள் குறைவு என்பதால், அவ்விடங்களிலிருந்து ஓர் அணுவை நீக்கக் குறைந்த ஆற்றலே போதும். ஆகவே ஆக்சைடைப் பெரிய படிகமாக வைப்பதைவிட நானோ துகளாக வைத்தால் வெற்றிடங்கள் எளிதில் உருவாகின்றன.

ஆய்வகங்களில் வெற்றிடம் உண்டாக்கப் பல வழிகள் உள்ளன:

– ஹைட்ரஜன் வாயுவில் அல்லது வெற்றிடக் கலத்தில் சூடாக்குதல்.
– சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ஒடுக்கிகளுடன் வினைபுரியச் செய்தல்.
– ஆர்கான் போன்ற வாயுக்களின் பிளாஸ்மாவால் பரப்பைத் தாக்குதல்.
– குறைந்த மின்சுமையுடைய வேறு அயனியைப் படிகத்தில் சேர்த்தல்.
– பந்து ஆலையில் அரைத்தல்.

ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை மட்டும் உண்டாக்குவதில்லை. ஹைட்ரஜனில் சூடாக்கினால் ஹைட்ரஜனும் படிகத்தில் புகலாம். அரைக்கும் ஆலையிலிருந்து இரும்பு கலக்கலாம். பின்னர் காணப்படும் முன்னேற்றம் எதனால் வந்தது என்பதைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இல்லாததைக் காண்பது எப்படி

வெற்றிடம் என்பது இல்லாத ஒன்று. அதைக் கண்டறிவதும் எண்ணுவதும் எளிதல்ல. இத்துறையின் முக்கியமான விவாதங்கள் இங்கிருந்தே எழுகின்றன.

டைட்டானியம் டைஆக்சைடின் பரப்பை வருடு ஊடுருவு நுண்ணோக்கியால் பார்த்த தொடக்க கால ஆய்வுகளில், வரிசைகளுக்கு இடையே தெரிந்த ஒளிப்புள்ளிகள் ஆக்சிஜன் வெற்றிடங்கள் எனக் கொள்ளப்பட்டன. மிக உயர் வெற்றிடக் கலத்திலும் எஞ்சியிருக்கும் சிறிதளவு நீராவி வெற்றிடங்களில் பிரிந்து ஹைட்ராக்சில் தொகுதிகளாக மாறும். அவையும் ஒளிப்புள்ளிகளாகவே தெரியும். இரண்டையும் வேறுபடுத்திய பிறகு சில பழைய விளக்கங்களைத் திருத்த வேண்டி வந்தது.

எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலை முறையில் வேறொரு தவறு பரவியது. ஆக்சைடு ஒன்றின் நிறமாலையில் 531 முதல் 532 எலக்ட்ரான் வோல்ட் அளவில் தெரியும் முகட்டை 'ஆக்சிஜன் வெற்றிடத்தின் முகடு' என்று ஏராளமான கட்டுரைகள் குறிப்பிட்டன. ஆனால் இம்முறையில் ஓர் அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரானே அளக்கப்படுகிறது. வெற்றிடத்தில் ஆக்சிஜன் அணு இல்லை. இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேற முடியாது. அம்முகடு பெரும்பாலும் பரப்பில் ஒட்டிய நீர், ஹைட்ராக்சில் போன்றவற்றிலிருந்து வருகிறது என்று துறை வல்லுநர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அறை வெப்பநிலையில் மின்சாரத்தால் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஆய்வுகளிலும் வெற்றிடம் நிறைந்த வினையூக்கிகள் பல முன்மொழியப்பட்டன. அவற்றில் உருவாகும் அம்மோனியாவின் அளவு மிகக் குறைவு. காற்றிலும் மனித மூச்சிலும் ஆய்வகக் கையுறையிலும் உள்ள அம்மோனியாவே அந்த அளவுக்கு வந்துவிடலாம். 2019-இல் டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து இதற்கு ஒரு கண்டிப்பான சோதனை நெறியை வெளியிட்டனர். தூய்மை செய்யப்பட்ட நைட்ரஜன்-15 வாயுவைச் செலுத்தி, விளையும் அம்மோனியாவிலும் நைட்ரஜன்-15 இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆக்சிஜன்-18 கொண்டு செய்யப்பட்ட சோதனையின் அதே தர்க்கம் இது.

எனவே ஒரு வினையூக்கி வெற்றிடத்தால் மேம்பட்டது என்று படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளை எழுப்பலாம். வெற்றிடம் இருப்பது ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளால் காட்டப்பட்டதா? பரப்பளவு கூடியது, அயல் அணு கலந்தது போன்ற பிற காரணங்கள் விலக்கப்பட்டனவா? வினை நடந்து முடிந்த பிறகும் அந்த வெற்றிடங்கள் இருந்தனவா? பிந்தைய கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நீரில் வேலை செய்யும் ஆக்சைடின் வெற்றிடங்களை நீரின் ஆக்சிஜனே நிரப்பிவிடலாம். அப்போது தொடக்கத்தில் அளந்த வெற்றிடங்களின் எண்ணிக்கைக்குப் பொருள் குறைவு.

பயனும் எல்லையும்

வெற்றிடங்கள் கூடக்கூடத் திறனும் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவுக்கு மேல் அவை ஒன்றுசேர்ந்து கொத்தாகின்றன, படிகம் நிலைகுலைகிறது, சில வேளைகளில் வேறு சேர்மமாகவே மாறிவிடுகிறது. மூலக்கூறுகள் மிக வலுவாகப் பற்றப்பட்டு விடுபடாமல் தேங்குவதும் உண்டு. வெற்றிடங்களின் எண்ணிக்கை, இடம், நிலைத்த தன்மை ஆகிய மூன்றும் பொருந்தும்போதுதான் பலன் கிடைக்கிறது.

வாகன மாற்றியிலுள்ள சீரியம் – சிர்கோனியம் ஆக்சைடும் சுத்திகரிப்பு ஆலையின் மாலிப்டினம் சல்பைடும் பல ஆண்டுகள் நடைமுறையில் நிலைத்து நின்று தம் பயனை நிறுவியவை. பிளாஸ்மாவால் வெற்றிடம் உண்டாக்கப்பட்ட அடுக்குகளும் கருநிற டைட்டானியம் டைஆக்சைடும் பெரும்பாலும் ஆய்வக அளவில் உள்ளன. இவ்விரண்டு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு, வினை நடக்கும்போதே வெற்றிடம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதா என்பதில் பெரிதும் அடங்கியிருக்கிறது. ஒருமுறை உண்டாக்கி வைத்த வெற்றிடம் நாளடைவில் மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுழற்சியிலும் நிரம்பிக் காலியாகும் வெற்றிடம் நீண்ட காலம் வேலை செய்கிறது.